கேமரா கடைக்காரர்

பூங்காவில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, நாய் வளர்ப்பவர்களே அதன் கழிவையும் அள்ள வேண்டும் என்று ஹார்வி மில்க் பேசுவார். பேசிக்கொண்டே நடப்பவர் சரியாக அதன் மேல் காலை வைப்பார். ஷூவைத் தூக்கிக் கேமராக்களுக்குக் காட்டுவார். ‘மில்க்’ படத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். துப்பாக்கிச் சூடோ மெழுகுவத்தி ஊர்வலமோ பிறகுதான் வரும். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. என்ன, மிதிக்க வேண்டிய இடத்தை அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மறுநாள் பேப்பரில் படம் வர வேண்டுமல்லவா?

நான் அந்தப் படத்தைப் பார்த்தது 2008 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில், சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ திரையரங்கில். அப்போது சன்னிவேலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எச்-1பி விசாவில் இருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவரை அம்மாவுக்கு ‘ரூம்மேட்’ என்று சொல்லி வைத்திருந்தேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையனுக்கு ரூம்மேட் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வாடகை பாதியாகும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா அவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேட்பாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், அமெரிக்கர், ரசம் சாப்பிடுவார். அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவே.

காஸ்ட்ரோ திரையரங்கு 1922-ல் கட்டியது. அப்போதெல்லாம் படம் தொடங்குமுன் மேடைக்குக் கீழிருந்து ஒரு பெரிய வுர்லிட்சர் ஆர்கன் மேலெழுந்து வரும். வாசிப்பவர் கடைசியாக ஊரின் பெயர் கொண்ட அந்தப் பழைய பாட்டை எடுத்ததும் அரங்கமே கை தட்டித் தாளம் போடும். படப்பிடிப்புக்காக அதன் முகப்பையும் நியான் விளக்கையும் புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் முன்பு எந்த விளக்குக்குக் கீழே வரிசையில் நின்றோமோ, அதே விளக்கு திரையில் வந்தபோது கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. திருச்சியில் முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் சொந்த ஊர்ச் சத்தம்.

அதே தெருவில் சற்றுத் தள்ளி 575-ஆம் எண் கட்டடம். 1973 மார்ச்சில் மில்க்கும் அவருடைய துணைவர் ஸ்காட் ஸ்மித்தும் ‘காஸ்ட்ரோ கேமரா’ கடையைத் திறந்தது அங்கேதான். இயக்குநர் கஸ் வான் சான்ட், செட் போடாமல், அந்தக் கடையையே பிடித்து எழுபதுகளுக்குத் திருப்பி அலங்கரித்தார். படம் முடிந்து வெளியே வந்தவர்கள் பாதிப் பேர் நேரே அங்கே போய் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். நாங்களும் பார்த்தோம்.

மில்க் 1930-ல் நியூயார்க் பக்கம், லாங் ஐலண்டில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் கடற்படை, பிறகு பள்ளி ஆசிரியர், பிறகு வால் ஸ்ட்ரீட். 1964-ல் பேரி கோல்ட்வாட்டருக்காகத் தேர்தல் வேலை செய்தவர். அதாவது அன்றைய குடியரசுக் கட்சியிலேயே வலதுகோடி ஆளுக்கு. நாற்பதைத் தாண்டித் தலைமுடி வளர்த்து, ஊரைவிட்டு சான் பிரான்சிஸ்கோ வந்தவர், கழுவக் கொடுத்த பிலிம் சுருளை ஒரு கடைக்காரர் பாழாக்கிவிட்ட கோபத்தில் தானே கடை போட்டார். கடை போட்ட சூட்டோடு விற்பனை வரிக்கு நூறு டாலர் முன்பணம் கட்டு என்று அரசாங்க ஆள் வந்து நிற்க, அவரோடு ஒரு சண்டை. பள்ளியில் இருக்கும் புரொஜெக்டர் ஓடவில்லை என்று ஓர் ஆசிரியை இரவல் கேட்டு வர, அரசாங்கத்தின் மேலேயே ஒரு கோபம். அரசியலுக்கு வந்த கதை இதுதான். பெரிய தத்துவம் எதுவும் முதலில் இல்லை.

அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைத் தியாகி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் ஒரு வார்டு கவுன்சிலராகத்தான் படுகிறார். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் நகரமும் மாவட்டமும் ஒன்றே. அதை ஆள்வது மேயரும் பதினோரு சூப்பர்வைசர்களும். 1973-ல் மில்க் முதன்முறை நின்றபோது முப்பத்திரண்டு பேரில் பத்தாவதாக வந்தார். முடியை வெட்டினார், கோட்டு சூட்டு வாங்கினார், 1975-ல் மறுபடி நின்றார். ஆறு இடம் காலி, ஏழாவதாக வந்தார். 1976-ல் மாநிலச் சட்டசபைக்கு நின்று நாலாயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். அதுவரை சூப்பர்வைசர் தேர்தலில் ஊர் முழுக்க ஓட்டுக் கேட்க வேண்டும். பணம் உள்ளவனுக்கே கட்டுப்படியாகும். வார்டு வாரியாகத் தேர்தல் என்று விதியை மாற்றிய பிறகு, 1977 நவம்பரில், ஐந்தாம் வார்டில் ஜெயித்தார். மாறிய விதியால் அந்தச் சபையின் முகமே மாறியது. சீன வம்சாவளி கோர்டன் லாவ், கறுப்பினப் பெண் எல்லா ஹில் ஹட்ச், தனியாகக் குழந்தை வளர்த்த வழக்கறிஞர் கேரல் ரூத் சில்வர். கூடவே எட்டாம் வார்டிலிருந்து முன்னாள் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் டான் ஒயிட். மில்க்கைச் சபைக்குள் விட்ட அதே கதவு வழியாகத்தான் அவரைச் சுட்டவரும் வந்தார்.

படத்தில் நான் மிக ரசித்தது இந்த வேலைகளைத்தான். கூர்ஸ் பீர் கம்பெனிக்கு எதிராக லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் ஆலன் பேர்ட் ஆதரவு கேட்டு வருகிறார். மில்க் தன் தெருவின் மதுக்கடைகளில் கூர்ஸ் பீரை நிறுத்துகிறார். பதிலுக்கு ஒரே நிபந்தனை: எங்கள் பையன்களுக்கும் லாரி ஓட்டும் வேலை வேண்டும். கொடுக்கல் வாங்கல் அவ்வளவு நேராக இருக்கிறது. நிஜ ஆலன் பேர்டே தன் வேடத்தில் தலைகாட்டியிருந்தார். அவர் வந்தபோது அரங்கின் முன்வரிசைகளில் தனியாக ஒரு கைதட்டல், அடையாளம் தெரிந்தவர்கள்.

நாங்கள் போன நேரம் அப்படி. படம் வெளியானது நவம்பர் 26. மறுநாள் மில்க் இறந்து முப்பதாம் ஆண்டு. மூன்று வாரம் முன்பு, நவம்பர் 4-ல், கலிஃபோர்னியா ஒபாமாவுக்கும் ஓட்டுப் போட்டது, அதே சீட்டில் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் ப்ரொபொசிஷன் 8-க்கும் ஓட்டுப் போட்டது. 52 சதவீதம். ஜூன் நடுவிலிருந்து அந்த நாள் வரை மாநிலத்தில் சுமார் 18,000 ஜோடிகள் மணம் செய்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கோடையில் பேச்சு வந்தது. கலிஃபோர்னியா கொடுக்கும் சான்றிதழை வாஷிங்டன் மதிக்காது. 1996-ல் போட்ட மத்தியச் சட்டம் அப்படி. என் கிரீன் கார்டு வரிசையில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. நிதானமாகச் செய்யலாம் என்று பேசி வைத்தோம். நவம்பர் 5 காலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

அந்த அக்டோபரில் டிவியைத் திறந்தால் இரண்டு பக்க விளம்பரமும் ஓடும். எதிரணி விளம்பரங்களில் பள்ளிக் குழந்தைகள், பயந்த தாய்மார்கள். நம் பக்க விளம்பரங்களில் சமத்துவம் இருந்தது, நியாயம் இருந்தது, பாகுபாடு கூடாது என்ற அறிவுரை இருந்தது. கல்யாணம் செய்துகொண்ட இரண்டு ஆண்களையோ இரண்டு பெண்களையோ அவற்றில் காண்பது அபூர்வம். எங்களைக் காட்டினால் ஓட்டுப் போய்விடும் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.

இதே காட்சி படத்தில் வந்தபோதுதான் அரங்கம் முதன்முறையாக அமைதியானது. 1978. மாநில செனட்டர் ஜான் பிரிக்ஸ் ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டு வருகிறார், ப்ரொபொசிஷன் 6. தன்பாலீர்ப்புள்ள ஆசிரியர்களையும், அவர்களுக்கு வெளிப்படையாக ஆதரவு தருபவர்களையும் அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்கலாம். வசதியான கே பெரியவர்கள் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரித்து மில்க்கிடம் காட்டுகிறார்கள். அதில் மனித உரிமை இருக்கிறது. யாருடைய உரிமை என்பது இல்லை. மில்க் அதை நெருப்பில் போடுகிறார். எனக்குப் பின்னால் யாரோ, தங்களுக்கே சொல்லிக்கொள்வதுபோல, “மூணு வாரம் முன்னாடி இந்தப் படத்தைக் காட்டியிருக்கக் கூடாதா” என்றார். அந்த வருடம் பலரும் கேட்ட கேள்வி அது. ஒரு படம் வந்து ஓட்டு மாறும் என்று நான் நம்பவில்லை. ஆனால் விளம்பரம் எடுத்தவர்களாவது பார்த்திருக்கலாம்.

மில்க்கின் கணக்கு வேறு. தனக்குத் தெரிந்த ஒருவர் கே என்று அறிந்தவர் நமக்கு எதிராக ஓட்டுப் போடத் தயங்குவார். ஆகவே எல்லோரும் வீட்டில் சொல்லுங்கள், அலுவலகத்தில் சொல்லுங்கள், மளிகைக் கடையில் சொல்லுங்கள். தைரியத்தைப் பற்றிய உபதேசம் என்று இதை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது வாக்குச் சாவடிக் கணக்காகவே கேட்கிறது. கணக்கு பலித்தது. அதிபர் கார்ட்டர் எதிர்த்தார், ஜனாதிபதி கனவோடு இருந்த ரொனால்ட் ரீகன்கூட எதிர்த்தார், நவம்பர் 7 அன்று 58 சதவீதத்தினர் பிரிக்ஸை வீழ்த்தினார்கள். திரையில் அந்த முடிவு வந்ததும் அரங்கில் ஆரவாரம் எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இந்த நவம்பர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு காட்சி. தேர்தல் வேலை செய்யும் பையன்களை உட்கார வைத்து, இன்னும் வீட்டில் சொல்லாதவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்கிறார் மில்க். அந்தரங்கம்தான் நம் எதிரி என்கிறார். ஒருவன் கையில் தொலைபேசியைக் கொடுத்து அப்பாவைக் கூப்பிடச் சொல்கிறார், அத்தனை பேர் பார்க்க. என் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வந்தது கோபம். ஓட்டுக் கணக்குக்காக இன்னொருவன் வீட்டு வாசலில் போய் நின்று கதவைத் தட்ட இவர் யார்?

அந்தக் கோபத்தோடுதான் ராண்டி ஷில்ட்ஸ் எழுதிய மில்க்கின் வாழ்க்கை வரலாற்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். படத்தில் இல்லாத ஆலிவர் சிப்பிளை அதில்தான் சந்தித்தேன். 1975 செப்டம்பர் 22. யூனியன் சதுக்கத்தில் அதிபர் ஃபோர்டைச் சுடக் கை நீட்டினாள் ஒரு பெண். கூட்டத்தில் நின்றிருந்த முன்னாள் ராணுவ வீரர் சிப்பிள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். குறி தவறியது. நாடே கொண்டாடியது. சிப்பிள் காஸ்ட்ரோ பக்கம் எல்லோருக்கும் தெரிந்தவர், மில்க்கின் நண்பர். டெட்ராய்ட்டில் இருந்த குடும்பத்துக்கு மட்டும் அவர் கே என்பது தெரியாது. கே என்றால் கோழை என்று நினைக்கும் நாட்டுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்குமா? மில்க் வழியாகச் செய்தி ஒரு பத்திரிகைப் பத்தியாளருக்குப் போனது. அங்கிருந்து எல்லாப் பேப்பருக்கும். பெற்றோர் அவரை ஒதுக்கினார்கள். பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார், தோற்றார். குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1989-ல் தனியாக இறந்துகிடந்தார்.

சிப்பிள் இந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்தில்லை. டஸ்டின் லான்ஸ் பிளாக் எழுதிய திரைக்கதை நேர்த்தியானது. அந்த நேர்த்திக்கு சிப்பிள் ஒரு இடைஞ்சல், அதனால் விட்டிருப்பார். மில்க்கோடு சேர்ந்து தொலைக்காட்சி விவாதத்தில் பிரிக்ஸை எதிர்கொண்ட பேராசிரியை சாலி கியர்ஹார்ட்டும் படத்தில் இல்லை. பிரசாரத்தை நடத்தும் ஆன் க்ரோனன்பர்க் ஒருவரைத் தவிரப் பெண்களுக்கு அங்கே பெரிதாக வேலையே இல்லை. டான் ஒயிட்டும் உள்ளுக்குள் அப்படிப்பட்டவரோ என்று மில்க்கை விட்டே ஒரு இடத்தில் சந்தேகப்பட வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டு, மனம் மாறி, திரும்பக் கேட்டு, மறுக்கப்பட்டவர் ஒயிட். அவமானமும் கடனும் ஒரு ஆளை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அதற்குமேல் ரகசியம் தேவையில்லை. ஒயிட்டாக நடித்த ஜோஷ் ப்ரோலின் அதை முகத்திலேயே வைத்திருந்தார். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு மில்க்கை அழைத்து, அவர் வந்து நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் அந்த முகம்.

மில்க்காக நடித்த ஷான் பென் விஷயம் தனி. எப்போதும் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி இருக்கும் ஒரு நடிகர் இந்தப் படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறார். உடலையே லேசாக்கிக்கொண்டு, கைகளைப் பேச விட்டு, தோற்ற ஒவ்வொரு இரவிலும் கடையில் பார்ட்டி வைக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஓட்டுக் கேட்டு வரும்போது வீட்டுப் பாட்டியின் பெயரைச் சரியாகச் சொல்பவர்களுக்கு இருக்கும் சிரிப்பு.

1978 நவம்பர் 27. ஒயிட் நகர மன்றத்தின் தரைத்தள ஜன்னல் வழியாக உள்ளே நுழைகிறார். வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. முதலில் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி. பிறகு வராந்தாவில் நடந்து போகிறார், கேமரா அவர் முதுகைத் தொடர்கிறது. ‘எலிஃபன்ட்’ படத்தில் பள்ளி வராந்தாக்களில் இதே இயக்குநர் இப்படித்தான் நடக்கவிட்டார். அங்கே துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்று தெரியாது. இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் வரிசையில் சிலர் முன்கூட்டியே தலையைக் குனிந்துகொண்டார்கள். மில்க்குக்கு வயது 48.

அன்றிரவு காஸ்ட்ரோவிலிருந்து நகர மன்றம் வரை ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தியோடு நடந்தார்கள். 2008 தொடக்கத்தில் அதைப் படமாக்கியபோது சம்பளம் வாங்காமல் வந்து நின்றவர்களும் ஆயிரக்கணக்கில். எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் தெரு முழுக்க வெளிச்சம் நகர்ந்தபோது என் முழங்கையைத் தொட்டு, “இதுல எங்கேயோ நான் இருக்கேன். அப்பவும் இருந்தேன்” என்றார். உங்களோடு அப்போது நடந்தவர்கள் என்று நான் ஆரம்பித்தேன். விரல்களை விரித்து மூடினார். கேட்டிருக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் எய்ட்ஸ் அந்தத் தெருவை என்ன செய்தது என்பது படிக்கக் கிடைப்பதுதான். ஸ்காட் ஸ்மித் 1995-ல் போனார். மில்க்கின் தேர்தல் பையன்களில் ஒருவரான கிளீவ் ஜோன்ஸ், 1985-ல் இதே நினைவு ஊர்வலத்தில், இறந்தவர் பெயர்களை அட்டைகளில் எழுதச் சொல்லி அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டவைத்தார். சுவரைப் பார்த்தபோது ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி இருந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதலில் விரித்தபோது 1,920 துண்டுகள்.

பிப்ரவரியில் ஆஸ்கர். 2009-ன் அந்த இரவைத் தமிழர் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு சிலைகளை வாங்கி, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னார். எங்கள் வீட்டுச் சோபாவில் நான் கத்திய கத்தலுக்கு ரூம்மேட் பயந்துபோனார். அவர் கத்தியது பிளாக்குக்கும் பென்னுக்கும் கிடைத்தபோது. ஊரில் அம்மா வேலை எல்லாம் முடித்து மறுஒளிபரப்பைப் பக்கத்து வீட்டு மாமியோடு உட்கார்ந்து முழுக்கப் பார்த்திருக்கிறாள். எனக்கு விடிந்தும் விடியாமலும் போன் வந்தது.

ரஹ்மானைப் பற்றி எல்லாம் பேசி முடித்த பிறகு, “தம்பி, அந்தச் சின்னப் பையன் ஒருத்தன் கண்ணெல்லாம் கலங்கப் பேசினானே, நடுவுல நடுவுல சத்தமே வரலடா. கேபிள்காரனைத் திட்டிக்கிட்டிருந்தோம். அப்புறம் கடைசியில பெரிய நடிகர் பேசுறப்பவும் அதேமாதிரி. மத்ததெல்லாம் ஒழுங்கா வருது. என்னடா சொன்னாங்க?”

ஆசியாவுக்கான ஒளிபரப்பில் அந்தப் பேச்சுகளிலிருந்து ‘கே’, ‘லெஸ்பியன்’ என்ற சொற்களை ஊமையாக்கிவிட்டார்கள் என்று பிறகு செய்தி வந்தது. கடவுள் உங்களையும் நேசிக்கிறார் என்று பிளாக் கே, லெஸ்பியன் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். யாரை என்பது மட்டும் போய்விட்டது. அந்த நிமிடம் எனக்கு அது தெரியாது. என்ன சொன்னார்கள் என்று தெரியும். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னேன். அது என்ன படம் என்றாள். சொன்னேன். கடை, தேர்தல், பிரிக்ஸ்.

அம்மா அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை தமிழ்நாடு அரசு ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியபோது அவளும் போனாள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பெரும்பாலோருக்கு வேலை திரும்பியது. ஆகையால் பிரிக்ஸ் கதையில் அவளுக்குப் பட்டது அவள் பக்கத்து விஷயம்தான். “ஆதரவு தெரிவிச்ச வாத்தியாரையுமா எடுப்பாங்க? விசாரணை கிடையாதா? சங்கம் என்ன பண்ணுச்சு?” சங்கங்கள் எதிர்த்தன என்றேன். “பின்ன?” என்றாள், அதில் வியக்க ஒன்றுமில்லை என்பதுபோல.

பிறகு, “நீ எதுக்குடா இந்தப் படத்துக்கெல்லாம் போன?”

ரூம்மேட்டோடு போனேன் என்றேன். அதற்குமேல் ஒரு வாக்கியமும் சேர்த்துச் சொன்னேன். இங்கே அதை எழுதவில்லை. அது அம்மாவிடம் சொன்னது.

லைன் இருந்தது. பின்னால் மாமி யாரிடமோ பால் கேட்கும் சத்தம் வந்தது.

“அக்காகிட்ட சொல்லிட்டியா?”

“இல்லம்மா.”

“சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்.”

எப்போது சொன்னாள் என்று தெரியாது. அடுத்த ஞாயிறு வழக்கம்போல மழை, ரேஷன், மாமி வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசினாள், ரூம்மேட்டைக் கேட்கவில்லை. பல மாதம் கேட்கவில்லை. வருடத்தின் முடிவில் ஒருநாள், “அவனுக்கு ரசத்துல மிளகு தாங்குதா?” என்று கேட்டாள். அவன் என்று ஒருமைக்கு இறங்கியது பகையா உறவா என்று நானும் அவரும் ரொம்ப நேரம் விவாதித்தோம். உறவினர் வட்டத்தில் யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை அவளே வரிசை போட்டு முடித்தாள். மில்க் தொலைபேசியைக் கையில் திணித்த காட்சியை எழுதியவர் இப்படி ஒரு அம்மாவைக் கண்டிருக்க மாட்டார்.

2013 ஜூன் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996 சட்டத்தின் மையப் பகுதியை வீழ்த்தியது. அன்றே ப்ரொபொசிஷன் 8-ம் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே நகர மன்றத்தில் பதிந்துகொண்டோம். படிக்கட்டின் மேலே மில்க்கின் வெண்கல மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். அக்கா டல்லாஸிலிருந்து வந்திருந்தாள். அம்மா வரவில்லை, முழங்கால் வலி என்றாள். வலி இருந்ததும் உண்மைதான்.

2025 கோடையில் வந்திருந்தாள். அந்த ஜூனில்தான் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கு வைத்திருந்த ஹார்வி மில்க்கின் பெயரை நீக்கி வேறு பெயர் சூட்டினார்கள். 1955-ல் தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டி அவரை வெளியேற்றியதும் அதே கடற்படைதான் என்று இரவுச் சாப்பாட்டின்போது அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நாளில் அவளை டல்லாஸுக்கு அழைத்துப் போக சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் ஒன்றாம் முனையத்துக்குப் போனோம். அதற்கு மில்க்கின் பெயர்தான். சுவர் முழுக்க அவர் படங்கள். சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“கப்பல்ல எடுத்துட்டாங்கன்னியே. இங்க எடுக்கலையா?”

“கப்பல் டெல்லிக்காரங்க மாதிரி, வாஷிங்டனோடது. ஏர்போர்ட் ஊர்க்காரங்களோடது. கவுன்சில் தீர்மானம் போட்டு வச்ச பேரு.”

“அவர் இருந்த கவுன்சிலா?”

“அதேதான்.”

சுவருக்கு முன்னால் தன்னையும் மருமகனையும் நிற்க வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். வாங்கிப் பார்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவளே போட்டாள். திருச்சியில் அப்போது பின்னிரவு. தூக்கம் வராத மாமா உடனே கேட்டார்: பின்னாடி படத்தில் இருப்பது யார், புது கவர்னரா?

‘கவுன்சிலர்’ என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள் அம்மா.

‘எந்தக் கட்சி?’

முதலில் அந்தக் கட்சி, அப்புறம் இந்தக் கட்சி என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.